கண் சொட்டு மருந்து நச்சேற்றம்

கண் சொட்டு மருந்து நச்சேற்றம் என்பது, கண்ணில் இடுவதற்கென ஆக்கப்பட்ட மருந்து தவறுதலாக விழுங்கப்படுவதாலோ அளவுக்கு மிஞ்சிக் கண்ணில் இடப்படுவதாலோ குருதியில் கலந்து, மூளை, இதயம், மூச்சு ஆகியவற்றின் இயக்கத்தைக் குலைக்கும் நிலையாகும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளே இதற்கு மிகுதியும் ஆளாகின்றனர். பார்வை மங்கிய முதியோர் குப்பி மாறி அருந்திவிடுவதும் உண்டு.

எல்லாக் கண் சொட்டு மருந்துகளும் இவ்வாறு தீங்கு செய்வதில்லை. கண் வறட்சிக்குத் தரப்படும் செயற்கைக் கண்ணீரும், நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டுகளில் பெரும்பாலானவையும் சிறிதளவு வயிற்றுக்குள் சென்றால் குமட்டலுக்கு மேல் எதுவும் நேர்வது அரிது. இடர் மிகுந்தவை சில வகைகளே. கண் சிவப்பைப் போக்கும் இமிடசோலின் வகை மருந்துகள், கண் அழுத்த நோய்க்குரிய பிரிமோனிடின், டிமோலால், பைலோகார்ப்பின் ஆகியவை, கண்மணியை விரியச் செய்யும் அட்ரோபின், சைக்ளோபென்டோலேட்டு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. ஆனால் இவை அனைத்தும் ஒரே மாதிரியான 5 அல்லது 10 மில்லிலிட்டர் நெகிழிக் குப்பியில்தான் வருகின்றன. சிட்டையில் உள்ள வேதிப்பெயரைப் படித்தாலன்றித் தீங்கற்றதையும் தீங்குடையதையும் பிரித்தறிய இயலாது. எனவே, விழுங்கப்பட்டது எதுவென்று உறுதியாகத் தெரியும் வரை, அது தீங்குடையது எனக் கொண்டு செயற்படுவதே முறையாகும்.

சிறு குப்பியில் அடங்கிய அளவு

கண்ணில் ஒரு சொட்டு விட்டால் அதில் பெரும்பகுதி கன்னத்தில் வழிந்துவிடும். அல்லது கண்ணீர் நாளம் வழியாக மூக்கினுள் இறங்கிவிடும். கண்ணுக்குள் ஊடுருவுவது மிகச் சிறு பங்கே. அச்சிறு பங்கே பயன் தர வேண்டும் என்பதால் கண் சொட்டு மருந்துகள் செறிவு மிக்கனவாக ஆக்கப்படுகின்றன. மருந்து வாய்வழியாகச் செல்லும்போது இச்செறிவே கேடாகிறது.

ஒரு சொட்டு என்பது ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டுகள். மருந்தின் செறிவு விழுக்காட்டில் குறிக்கப்படும். 1 விழுக்காடு என்றால் ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் மருந்து உள்ளது என்று பொருள். இதைக் கொண்டு எவரும் எளிதில் கணக்கிடலாம். 1 விழுக்காடு அட்ரோபின் உள்ள 5 மில்லிலிட்டர் குப்பியில் 50 மில்லிகிராம் அட்ரோபின் இருக்கிறது. மருத்துவமனைகளில் ஊசி வழி இடப்படும் அட்ரோபின் சிமிழ் ஒன்றில் வழக்கமாக உள்ளது 0.6 மில்லிகிராம் மட்டுமே. ஆகவே, உள்ளங்கையில் மறையும் அந்தக் கண் மருந்துக் குப்பி எண்பதுக்கும் மேற்பட்ட ஊசிச் சிமிழ்களுக்கு ஈடாகிறது. 0.5 விழுக்காடு டிமோலால் உள்ள 5 மில்லிலிட்டர் குப்பியில் 25 மில்லிகிராமும், 0.2 விழுக்காடு பிரிமோனிடின் உள்ள அதே அளவு குப்பியில் 10 மில்லிகிராமும் உள்ளன. வளர்ந்தவர் ஒருவரின் கண்ணுக்கு ஒரு மாதம் வரும் இந்த அளவை, 10 கிலோகிராம் எடையுள்ள குழந்தை ஒரே மடக்கில் குடித்துவிட முடியும்.

தூக்கம் போலத் தோன்றும் மயக்கம்

கண் சிவந்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டுகள் பலவற்றில் நாஃபசோலின் அல்லது டெட்ரஹைட்ரோசோலின் உள்ளது. மூக்கடைப்புக்குப் பயன்படும் ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் ஆகியவையும் இதே இமிடசோலின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை கண்ணிலும் மூக்கிலும் உள்ள நுண்ணிய குருதிக் குழாய்களைச் சுருங்கச் செய்கின்றன. குழாய் சுருங்குவதால் சிவப்பு மறைகிறது, அடைப்பு நீங்குகிறது.

விழுங்கப்பட்டால் நிகழ்வது வேறு. குடலில் இருந்து விரைவாகக் குருதியில் கலந்து மூளையை அடையும் இம்மருந்துகள், அங்குள்ள ஆல்ஃபா-2 ஏற்பிகளைத் தூண்டுகின்றன. இவ்வேற்பிகள், உடலை விழிப்பாக வைத்திருக்கும் நரம்புச் செய்திகளுக்குத் தடை போடுபவை. அவை தூண்டப்படும்போது உறக்கம் மிகுகிறது, நாடித்துடிப்பு குறைகிறது, உடல் குளிர்கிறது, கண்மணி சுருங்குகிறது. குருதியழுத்தம் தொடக்கத்தில் சற்று உயர்ந்து பின்பு வீழ்வதுண்டு. கடுமையான நிலையில் மூச்சு இடையிடையே நின்று நின்று வரும்; குழந்தை ஆழ்மயக்கத்தில் விழும். அறிகுறிகள் சில வேளைகளில் 15 நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். சில மணி நேரம் கழித்துத் தோன்றுவதும் உண்டு. முழுமையாகத் தெளிய 12 முதல் 36 மணி நேரம் வரை ஆகலாம்.

இந்த மருந்துக் குடும்பத்தின் இயல்பை விளக்க மருந்தியல் வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு ஒன்று உண்டு. 1960களின் தொடக்கத்தில் செருமனி நாட்டு மருந்து நிறுவனம் ஒன்றில் மூக்கடைப்புக்கென ஒரு புதிய இமிடசோலின் சேர்மம் உருவாக்கப்பட்டது. சளி பிடித்திருந்த அலுவலகச் செயலர் ஒருவரின் மூக்கில் அது சில சொட்டுகள் இடப்பட்டது. அவர் நெடுநேரம் ஆழ்ந்து உறங்கிப்போனார். அவருடைய நாடித்துடிப்பும் குருதியழுத்தமும் வெகுவாகக் குறைந்திருந்தன. மூக்கடைப்பு மருந்தாக எண்ணப்பட்ட அச்சேர்மமே பின்னர் குளோனிடின் என்னும் பெயரில் உயர் குருதியழுத்தத்துக்குரிய மருந்தாயிற்று. வளர்ந்த ஒருவரை மூக்கில் விட்ட சில சொட்டுகள் அவ்வாறு வீழ்த்தின என்றால், ஒரு குழந்தை ஒன்றிரண்டு மில்லிலிட்டரை விழுங்குவதன் விளைவை உய்த்துணரலாம்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012 அக்டோபரில் இது குறித்துப் பொது எச்சரிக்கை விடுத்தது. 1985 முதல் 2012 வரை தனக்கு வந்த 96 நிகழ்வுகளை அது ஆய்ந்திருந்தது. பாதிக்கப்பட்ட குழந்தைகள் 1 மாதம் முதல் 5 வயது வரையிலானோர். அவர்களுள் 53 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இறப்பு எதுவும் அதில் பதிவாகவில்லை. ஒன்று முதல் இரண்டு மில்லிலிட்டர் வரை விழுங்கினாலே கடும் விளைவு ஏற்படக்கூடும் என்று அவ்வெச்சரிக்கை கூறியது. இறப்பு இல்லை என்ற செய்தி ஆறுதலானதே. எனினும், உரிய நேரத்தில் மருத்துவமனை சென்றடைந்த குழந்தைகள் இக்கணக்கில் பலர் என்பதை மறத்தல் ஆகாது.

இந்நச்சேற்றத்தில் நேரும் பெரிய பிழை, அது நச்சேற்றம் என்றே உணரப்படாமற் போவதுதான். மண்ணெண்ணெய் குடித்த குழந்தை இருமும், மணக்கும். பூச்சிமருந்து குடித்த குழந்தைக்கு வாயில் நுரை தள்ளும். கண் சொட்டு மருந்து குடித்த குழந்தையோ சத்தமின்றித் தூங்கத் தொடங்குகிறது. மதிய உணவுக்குப் பின் என்றால் எவரும் ஐயுறுவதில்லை. “அசந்து தூங்குகிறது, எழுப்பாதே” என்று வீட்டினர் விட்டுவிடும் அந்த ஓரிரு மணி நேரத்திலேயே மூச்சு தளரக்கூடும். வழக்கமற்ற வேளையில் வந்த உறக்கம், தொட்டால் குளிர்ந்திருக்கும் கைகால், பெயர் சொல்லி அழைத்தும் தட்டியும் கண் திறவாமை, அருகில் மூடி திறந்து கிடக்கும் குப்பி ஆகியவற்றுள் இரண்டு சேர்ந்து காணப்பட்டாலும் அதை உறக்கம் எனக் கொள்ளலாகாது.

கண் சிவப்பு மருந்தைப் பானத்தில் கலந்தால் வயிற்றுப்போக்கு மட்டுமே ஏற்படும் என்றொரு தவறான நம்பிக்கை உலகில் பரவலாக உள்ளது. 2005இல் வெளிவந்த ஓர் ஆங்கில நகைச்சுவைத் திரைப்படக் காட்சியும் இதற்குத் துணைபோயிற்று. உண்மையில் வயிற்றுப்போக்கு இதன் தனிக்குறி அன்று; பாதிக்கப்படுவன மூளையும் இதயமுமே ஆகும். விளையாட்டுக்கென்று எவரும் செய்யத் தக்க செயல் அன்று இது.

பிற மருந்துகள்

பிரிமோனிடின் வேதி அமைப்பில் சற்று வேறுபட்டதாயினும் அதே ஆல்ஃபா-2 ஏற்பிகளையே தூண்டுகிறது. இதனை விழுங்க வேண்டும் என்பதில்லை. பச்சிளங் குழந்தையின் கண்ணில் விட்டாலே மூச்சுத் தடை, நாடித்துடிப்புக் குறைவு, மயக்கம் ஆகியவை நேரக்கூடும். இக்காரணத்தால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இம்மருந்து விலக்கப்பட்டுள்ளது. தாத்தாவுக்கோ பாட்டிக்கோ எழுதித் தந்த மருந்தைக் கண் சிவந்த குழந்தைக்கும் ஒரு சொட்டு விடுவது எவ்வளவு பெரிய தவறு என்பது இதனால் விளங்கும்.

டிமோலால் இதயத் துடிப்பைக் குறைப்பது, மூச்சுக்குழலைச் சுருக்குவது. கண்ணில் இட்ட டிமோலால் மூக்கின் உட்சவ்வு வழியாக நேரே குருதியில் சேர்கிறது. விழுங்கிய மருந்து முதலில் கல்லீரலுக்குச் சென்று ஓரளவு சிதைக்கப்படும்; மூக்கு வழிச் செல்வதற்கு அத்தடை இல்லை. இதனால் ஆத்துமா நோயாளிகளுக்கு அளவான சொட்டே கூட மூச்சுத்திணறலை உண்டாக்கலாம். மருந்து இட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை விரலால் இரண்டு மூன்று நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்தால் மருந்து மூக்குக்குள் இறங்குவது குறையும். ஓசையின்றிப் பயன் தரும் இம்முறை பல நோயாளிகளுக்குச் சொல்லித் தரப்படுவதில்லை.

அட்ரோபினால் ஏற்படும் நச்சேற்றம் இவற்றுக்கு நேர் எதிரானது. குழந்தை உறங்காது, அமைதியிழந்து பிதற்றும், இல்லாததைக் கண்டதுபோல் கையை நீட்டிப் பிடிக்க முயலும். முகம் சிவக்கும், உடல் கொதிக்கும், வாயும் தோலும் உலரும், சிறுநீர் கட்டும், நாடி விரையும், கண்மணி அகன்று விரியும். தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கு இத்தோற்றம் புதிதன்று. ஊமத்தங்காய் தின்றவர்களிடம் காணப்படுவதும் இதுவே. ஊமத்தையில் உள்ள நச்சுப் பொருள்களுள் அட்ரோபினும் ஒன்று. குழந்தைகளின் கிட்டப்பார்வை வளர்வதைத் தடுக்க அண்மைக் காலமாக 0.01 விழுக்காடு அட்ரோபின் சொட்டுகள் தரப்படுகின்றன. 1 விழுக்காட்டுச் சொட்டு இதைவிட நூறு மடங்கு செறிவுடையது. ஒரே பெயர் கொண்ட இரு குப்பிகளை மாற்றி எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பைலோகார்ப்பின் இன்று அரிதாகவே எழுதப்படுகிறது. வியர்வை, எச்சில், கண்ணீர் பெருகுதல், வாந்தி, கண்மணி சுருங்குதல் ஆகியவை இதன் குறிகள். இதற்கு அட்ரோபினே முறிமருந்தாகும்.

எவ்வாறு நேர்கிறது

தமிழ்நாட்டில் கண்புரை அறுவை மருத்துவம் பரவலாக நடைபெறுகிறது. 1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, 1976இல் மதுரையில் தொடங்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனை, 1978இல் சென்னையில் தொடங்கப்பட்ட சங்கர நேத்ராலயா போன்ற நிறுவனங்களாலும், அவை நடத்தும் முகாம்களாலும் சிற்றூர் முதியோருக்கும் பார்வை திரும்பியது. இதன் உடன்விளைவாக, வீட்டுக்கு வீடு கண் சொட்டு மருந்துக் குப்பிகளும் வந்து சேர்ந்தன. முதியவர் நாளுக்குப் பலமுறை மருந்து இட வேண்டியிருப்பதால் குப்பி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில், அதாவது சன்னல் திட்டிலோ தலையணை ஓரத்திலோ தொலைக்காட்சிப் பெட்டியின் மேலோ இருக்கும். அதே உயரம் தவழ்ந்து எழும் குழந்தைக்கும் எட்டும். பாட்டி வாயண்ணாந்து கண்ணில் விட்டுக்கொள்வதைப் பார்க்கும் குழந்தை, தானும் அண்ணாந்து வாயில் பிழிந்துகொள்கிறது.

வளர்ந்தவர்களால் நேரும் பிழை வேறு வகையானது. குழந்தைகளுக்கான பாராசிட்டமால், வைட்டமின் டி போன்றவையும் சொட்டு மருந்துகளாகவே விற்கப்படுகின்றன. இரவில் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு அரைத் தூக்கத்தில் எழுந்து மருந்து கொடுப்பவர் குப்பியைத் தொட்டுணர்ந்தே எடுக்கிறார். பயிற்சி பெற்ற கைகளும் இவ்வாறு தவறுவதுண்டு. 2021 சனவரி 31 அன்று மகாராட்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் போலியோ சொட்டு மருந்துக்கு மாற்றாகக் கைத்தூய்மிக் கரைசல் 12 குழந்தைகளின் வாயில் இடப்பட்டது. அது கண் மருந்து அன்று. ஆயினும் சொட்டுக் குப்பிகள் எவ்வளவு எளிதில் மாறிவிடும் என்பதற்கு அது சான்றாகும்.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் இவற்றோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும் திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலும் உலோகத் தொழில்கள் உள்ளன. இத்தொழில்களில் பற்றவைப்பு ஒளியால் கண் கூசிச் சிவப்பதும், இரும்புத் துகள் விழுவதும் அன்றாடம் நேர்வன. “வெல்டிங் அடித்துவிட்டது” என்று தொழிலாளர் சொல்லும் இக்கண்ணெரிச்சலுக்குப் பலரும் மருத்துவரிடம் செல்வதில்லை. கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கிக்கொள்கின்றனர். ஒற்றை அறையில் குடும்பமே வாழும் வாடகைக் குடியிருப்புகளில் அக்குப்பியை வைக்க உயரமான அலமாரி இருப்பதில்லை. சிட்டைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. ஒடிசா, பீகார் மாநிலங்களில் இருந்து வந்து தங்கியுள்ள தொழிலாளர்க்கும், தமிழ் மட்டும் படித்த உள்ளூர்த் தாய்க்கும் அவை ஒருசேர விளங்காதனவே.

முதலுதவி

முதலில் குப்பியை அகற்றி, குழந்தையின் வாயில் எஞ்சியதை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். மணி எத்தனை என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் முதலில் கேட்பது இதுவாகவே இருக்கும்.

வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. இவ்விதி எல்லாக் கண் சொட்டு மருந்துகளுக்கும் பொருந்தும். தொண்டையில் விரலை விடுவது, உப்பு நீர், புளிக்கரைசல், சோப்பு நீர், சாணக் கரைசல் ஆகியவற்றைப் புகட்டுவது போன்ற பழக்கங்கள் இன்னும் மறையவில்லை. மருந்து நீர்ம வடிவில் இருப்பதால் மிக விரைவாக உட்கவரப்படுகிறது; வாந்தியால் வெளிவருவது சொற்பமே. அதற்குள் குழந்தை அரைமயக்க நிலையை அடைந்திருந்தால், வாந்தி மூச்சுக்குழலுக்குள் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும். உப்பு நீர் குருதியில் உப்பின் அளவை உயர்த்தி வலிப்பைக் கொணரலாம். பல நேரங்களில் மருந்தைவிட இந்த வைத்தியமே கூடுதல் கேடு செய்கிறது. தாய்ப்பாலோ மோரோ இளநீரோ நஞ்சை முறிக்கும் என்பதற்கும் அடிப்படை இல்லை. உறக்கக் கலக்கத்தில் உள்ள குழந்தைக்கு வாய்வழியாக எதையும் தரலாகாது.

குழந்தை மயங்கியிருந்து மூச்சு சீராக இருந்தால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, மார்பின் ஏற்றத்தாழ்வை இமைக்காமல் கவனிக்க வேண்டும். மூச்சு நின்றுவிட்டால் செயற்கைச் சுவாசமும் மார்பழுத்தமும் தொடங்கி, உதவி வரும் வரை தொடர வேண்டும்.

குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. குப்பி, அட்டைப்பெட்டி, மருந்துச் சீட்டு ஆகிய மூன்றையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். விழுங்கிய அளவை மதிப்பிடுவது கடினமன்று. எடுத்துக்காட்டாக, 5 மில்லிலிட்டர் குப்பி ஒன்றை 10 நாட்களாக, நாளுக்கு இருமுறை, இரு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு இட்டிருந்தால் செலவானது 40 சொட்டுகள், அதாவது 2 மில்லிலிட்டர். மீதி 3 மில்லிலிட்டர் இருக்க வேண்டும். இப்போது 1 மில்லிலிட்டர்தான் இருக்கிறது என்றால் 2 மில்லிலிட்டர் குழந்தையிடம் சென்றது எனக் கொள்ளலாம். தரையில் கொட்டியிருக்கும், ஆடையில் சிந்தியிருக்கும் என்று கழித்துக்கொள்ளாமல் இருப்பதே நன்று.

புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் 1995 முதல் தேசிய நச்சுத் தகவல் மையம் இயங்கி வருகிறது. 1800 116 117 என்னும் கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் மருத்துவரும் பொதுமக்களும் வழிகாட்டுதல் பெறலாம். எனினும் அறிகுறி தோன்றிய குழந்தைக்குத் தொலைபேசி ஆலோசனை ஈடாகாது. வழியில் செல்லும்போது அழைப்பதே பொருத்தம்.

திருவள்ளூர் மாவட்டத்தில்

திருவள்ளூர் ரயில் நிலையத்தை ஒட்டிய மணவாள நகரில் உள்ளோருக்கு அருகில் இருப்பது, 2022 சனவரியில் திறந்து வைக்கப்பட்ட மருத்துவக் கல்லூரியோடு இணைந்த திருவள்ளூர் அரசு மருத்துவமனையாகும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி ஆகிய ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. கடும் நிலையில் உள்ள குழந்தைகள் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கு அனுப்பப்படுவதுண்டு. திருவள்ளூரில் இருந்தும் கும்மிடிப்பூண்டியில் இருந்தும் சென்னை ஏறத்தாழ 45 கிலோமீட்டர். நேரே சென்னைக்கே போய்விடலாம் என்று பெற்றோர் முடிவெடுப்பது இவ்விடத்தில் பிழையாகலாம். முதல் ஒரு மணி நேரத்தில்தான் மூச்சு தளர்வதற்கு வாய்ப்பு மிகுதி. அந்த ஒரு மணி நேரம் நெடுஞ்சாலை நெரிசலில் கழிவதைவிட, உயிர்வளியும் மூச்சுக்குழாய்க் கருவியும் உள்ள அருகிலுள்ள மருத்துவமனையில் கழிவது மேலானது. அங்கு நிலைப்படுத்திய பின் மேல்சிகிச்சைக்கு அனுப்புவர்.

2008 முதல் தமிழ்நாட்டில் இயங்கும் 108 அவசர ஊர்தி சேவையில் உயிர்வளியும் பயிற்சி பெற்ற உதவியாளரும் உண்டு. மயக்கம் தொடங்கிவிட்ட குழந்தையை இருசக்கர வண்டியில் இருவருக்கு நடுவே வைத்து எடுத்துச் செல்வது பரவலான வழக்கம். அந்நிலையில் தலை முன்னே கவிழ்ந்து மூச்சுவழி மடங்கும்; முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் அது தெரியாது. ஊர்தி வரத் தாழ்ந்தால், குழந்தையின் முகம் தெரியும்படி மடியில் ஒருக்களித்து வைத்துக்கொண்டு தானி அல்லது மகிழுந்தில் செல்லலாம்.

மருத்துவமனையில்

இமிடசோலின் நச்சேற்றத்துக்கென உறுதியான முறிமருந்து இல்லை. உடல் தானே மருந்தைக் கழித்து வெளியேற்றும் வரை மூச்சையும் குருதியோட்டத்தையும் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சையாகும். நாடித்துடிப்பு மிகக் குறைந்தால் அட்ரோபின் ஊசி இடப்படும். குருதியழுத்தம் வீழ்ந்தால் சிரைவழி நீர்மம் ஏற்றப்படும். மூச்சு போதாதபோது செயற்கைச் சுவாசக் கருவி துணைக்கு வரும். சுருங்கிய கண்மணி, மயக்கம், தளர்ந்த மூச்சு ஆகிய மூன்றும் அபின் வகை நச்சேற்றத்தையே ஒத்திருப்பதால், அதற்குரிய நலோக்சோன் இங்கும் முயலப்படுகிறது. சில குழந்தைகள் அதனால் விழித்துக்கொள்கின்றனர். பலரிடம் அது பயன் தருவதில்லை. குப்பியைக் கொண்டுவராத பெற்றோரின் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல், தலைக்காயம் எனப் பல ஆய்வுகள் நடந்து நேரம் வீணாவதும் இந்த ஒப்புமையால்தான்.

செயலூட்டிய கரி பல நஞ்சுகளை வயிற்றில் உறிஞ்சிக்கொள்ளும் தன்மையது. இங்கு அதன் பயன் குறைவு. மருந்து கரி வந்து சேருமுன்பே உட்கவரப்பட்டுவிடுகிறது. மயங்கும் குழந்தைக்குக் கரி புகட்டுவதும் இடரானது. அறிகுறி ஏதுமில்லாத குழந்தையைக் குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருந்து அனுப்புவர். “குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது” என்று எழுதிக் கொடுத்துவிட்டு இடையிலேயே அழைத்துச் செல்லும் பெற்றோர் அந்த ஆறு மணி நேரத்தின் பொருளை அறியாதவர் ஆவர். அறிகுறி தோன்றியவர்கள் ஒரு நாளேனும் தங்க வேண்டியிருக்கும். மூச்சுத் தடையால் மூளை பாதிக்கப்படாத வரை, பின்விளைவு எதுவுமின்றிக் குணமடைதலே வழக்கம்.

அட்ரோபின் நச்சேற்றத்தில் உடல் வெப்பத்தைக் குறைப்பதும், கிளர்ச்சியை அடக்க டயசிபாம் வகை மருந்து தருவதும் முதன்மையானவை. டிமோலால் நச்சேற்றத்தில் இதயத் துடிப்பு மின்வரைவு தொடர்ந்து பார்க்கப்படும். குருதியில் சர்க்கரை குறைகிறதா என்பதும் கவனிக்கப்படும்.

மூடியும் சட்டமும்

அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2012 டிசம்பரில் ஒரு விதியை வெளியிட்டது. 0.08 மில்லிகிராமோ அதற்கு மேலோ இமிடசோலின் அடங்கிய குப்பிகளுக்குக் குழந்தைகளால் திறக்க இயலாத மூடி கட்டாயம் என்பது அவ்விதி. 0.05 விழுக்காட்டுக் கரைசலில் 0.08 மில்லிகிராம் என்பது மூன்று சொட்டுகளே. ஆகவே கண் சிவப்பு மருந்துக் குப்பிகள் ஏறத்தாழ அனைத்தும் விதிக்குள் அடங்கிவிடுகின்றன. ஆணையம் வரம்பை இவ்வளவு தாழ்வாக வைத்ததே இம்மருந்தின் வன்மையைக் காட்டுகிறது.

இந்தியாவில் கண் மருந்துகளுக்கென மருந்து விதிகளின் ‘எஃப் எஃப்’ அட்டவணை தனியே வரையறை செய்கிறது. திறந்த ஒரு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், ஊசியாக இடலாகாது, குப்பியின் முனையை எதிலும் தொடச் செய்யலாகாது, எரிச்சல் நீடித்தால் நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும் என்னும் வாசகங்கள் சிட்டையில் இடம்பெற வேண்டும். இவை யாவும் கண்ணைக் காக்கும் நோக்கில் எழுந்த வாசகங்கள். இந்தியக் கடைகளில் கிடைக்கும் குப்பிகளில் பெரும்பாலானவை சாதாரணத் திருகு மூடி கொண்டவை. அம்மூடியின் உள்ளே உள்ள முள், முதன்முறை இறுக்கித் திருகும்போது குப்பியின் முனையில் துளையிடும். துளை பெரிதாகிவிட்ட குப்பியை அழுத்தினால் சொட்டுக்கு மாறாகத் தாரையாகவே மருந்து வரும். மூடியோடு கழன்று வரும் சிறு நெகிழி வளையம் குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடியது என்பதும் கருதத் தக்கது.

தொடர்புடைய பிற இடர்கள்

மாசுபட்ட கண் சொட்டு மருந்தால் வரும் நோய்த்தொற்று நச்சேற்றத்தில் அடங்காது. செங்கல்பட்டு மாவட்டத்தில் தயாரிக்கப்பட்டு அமெரிக்காவில் விற்கப்பட்ட செயற்கைக் கண்ணீருடன் தொடர்புபடுத்தி, மருந்துகளுக்குக் கட்டுப்படாத சூடோமோனாசு நுண்ணுயிர்த் தொற்று 18 மாநிலங்களில் 81 பேரிடம் கண்டறியப்பட்டதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023 மே மாதத்தில் அறிவித்தது. நால்வர் இறந்தனர், 14 பேர் பார்வை இழந்தனர். தீங்கற்றது என மேலே கூறப்பட்ட செயற்கைக் கண்ணீரும் இவ்வகையில் தீங்காகலாம்.

நேர்மாறான தவறும் அடிக்கடி நிகழ்கிறது. காது மருந்து, பசைக்குப்பி, மருவுக்கு இடும் அமிலம் போன்றவை கண் மருந்தென்று கருதிக் கண்ணில் விடப்படுகின்றன. இந்நிலையில் தூய நீரைக் குறைந்தது 15 நிமிடம் கண்ணில் இடைவிடாது ஊற்றிக் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பசையால் ஒட்டிக்கொண்ட இமையைப் பிய்க்க முயலக் கூடாது.

பயன்படுத்தி முடித்த குப்பிகளை வைத்திருப்பதில் மருத்துவப் பயன் எதுவும் இல்லை. திறந்து ஒரு மாதம் கடந்த மருந்து கண்ணுக்கும் உதவாது. கரைசலில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கக்கூடும். ஆயினும் அதில் உள்ள நாஃபசோலினோ டிமோலாலோ ஒரு மாதத்தில் வன்மை இழப்பதில்லை. அறுவை முடிந்து ஆறு மாதம் ஆன பின்பும் மாடக்குழியில் எஞ்சியிருக்கும் பாதிக் குப்பி, குழந்தையைப் பொறுத்தவரை முதல் நாளில் இருந்த அதே மருந்தாகும்.